உன் வண்டிக்கு உங்கம்மா ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள கண்ணு,

நேற்றுச் சாயங்காலம் போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். "மெக்கானிக் கேக்கறாரு. கூலண்ட் டேங்க்ல பைப்புத் தண்ணி ஊத்துனது யாருங்ப்பா?" என்று கேட்டாய். "நான்தான்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் போட்டிருந்தேன். உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "காலம் பூரா பம்ப் செட்டு செஞ்ச ஆளு நீங்க. அலுமினிய இன்ஜினுக்குப் பச்சத்தண்ணி ஆகாதுன்னு உங்களுக்கே தெரியாதுங்களா?" என்று சத்தம் போட்டாய். நியாயமான சத்தம்தான், வாங்கிக் கட்டிக்கொண்டேன். போனை வைத்ததும் உங்கம்மா எழுந்து போய்க் காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கான காப்பியை நான் ஏற்கனவே குடித்தாகிவிட்டது. இரண்டாவது கூடாது என்று டாக்டர் சொன்னதை இந்த வீட்டில் சட்டமாக வைத்திருப்பவளே அவள்தான். அவளே கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்.

ஊற்றியது உங்கம்மா. இதைப் போனில் சொல்ல முடியாது, அவள் பக்கத்திலேயே இருப்பாள். இன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதோடு சேர்ந்த இன்னொரு விஷயமும் இருக்கிறது. உன் கல்யாணத்தன்று நாங்கள் ஏன் நேரம் கழித்து வந்தோம் என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்காமலேயே ஒரு பதிலை மனதில் வைத்திருக்கிறாய். அப்பனுக்கு மனசில்லை, போகலாமா வேண்டாமா என்று வீட்டில் ரகளை நடந்திருக்கும், கடைசியில் ஊருக்காகத் தலையைக் காட்டிவிட்டுப் போக வந்தார். அதுதானே? கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசும் பேச்சில் மரியாதை கூடிவிட்டது. கோயமுத்தூர்க்காரனுக்கு மரியாதை ஒன்றும் புதுசில்லை. ஆனால் இது வெளியாளிடம் பேசுகிற மரியாதை. அது எனக்குத் தாங்கமாட்டேன் என்கிறது. எனவே இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தச் சிவப்பு வண்டியை நீ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாளை மறந்திருக்க மாட்டாய். யாரோ ஒரு சீமான் ஓட்டி அலுத்துப்போய் விற்ற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இருப்பது இரண்டே சீட்டு, கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம், ஏறி உட்கார்ந்தால் ரோட்டில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கும். வீதியே கூடிவிட்டது. "புள்ள பொறந்தா எங்கடா உக்கார வெப்ப?" என்று உங்கம்மா கேட்டாள். நான் பானட்டின் நீளத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இடத்தை இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டு மனிதனை மூலையில் ஒடுக்கியிருக்கிறானே என்று கடிந்துகொண்டேன். வெளியே கடிந்துகொண்டேனே தவிர, நீ மதுக்கரைப் பக்கம் பைபாஸுக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தபோது எனக்கு வயசு குறைந்துபோனது உண்மை. அன்றைக்குத்தான் பானட்டைத் திறந்து அந்த வெள்ளை டேங்கைக் காட்டினாய். உள்ளே ரோஸ் கலரில், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட். "கலரப் பாத்து வாங்காதீங்ப்பா. டப்பாவுக்குப் பின்னாடி ஒரு நம்பர் போட்டிருக்கும். வண்டி புக்குல இருக்கற நம்பரும் அதும் ஒண்ணா இருந்தாத்தான் ஊத்தோணும். வேற ரகத்தக் கலந்தா கஞ்சியாட்டம் கட்டிக்கிட்டு ரேடியேட்டர அடைச்சுப்போடும். சரியானது கெடைக்கலீன்னா டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சமா ஊத்துங்க, வேற எதும் வேண்டாம்" என்றாய். நான் தலையாட்டினேன். உங்கம்மா அப்போது வீட்டில் இருந்தாள். இந்தப் பாடம் அவளுக்கு நடக்கவேயில்லை.

அவளுக்கு நடந்த பாடம் வேறு. நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் அம்பாசிடரில் ஊட்டிக்குப் போனோமே, பர்லியார் தாண்டியதும் வண்டி கொதித்து நின்றது. நான் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க, ஆவி அடித்து முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அந்தத் தழும்பை இப்போதும் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். நீ அழுதுகொண்டே "வண்டிக்குக் காச்சலாங்ப்பா?" என்று கேட்டாய். எனக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. உங்கம்மாதான் பதறாமல் என்னை உட்கார வைத்து, கைக்கு மருந்து தடவி, வண்டி ஆறும்வரை காத்திருந்து, வீட்டுக் குழாயில் பிடித்துக் கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீரைச் சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அம்பாசிடர் உடனே கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் ஒரு சொம்பு சிறுவாணி ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டுத்தான் உங்கம்மா முன் சீட்டில் ஏறுவாள். அவளைப் பொறுத்தவரை சிறுவாணித் தண்ணீருக்கு மிஞ்சிய தண்ணீர் பூமியில் கிடையாது. சென்னைக்குப் போனால் கேனில் எடுத்துப்போவாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் பழம் மறந்தாலும் சிறுவாணி மறக்காது. மனிதனுக்கு அவ்வளவு நல்லது வண்டிக்குக் கெட்டதாக எப்படி இருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிறகு நீ ரோஸ்லினைப் பற்றிச் சொன்னாய். தாராபுரத்துப் பெண், கூட வேலை செய்கிறாள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றாய். நான் உன்னைத் திட்டவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். திட்டியிருந்தால்கூட நீ தாங்கியிருப்பாய். அடுத்த வாரம் பெங்களூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனவன்தான், பொங்கலுக்கு வரவில்லை, என் பிறந்த நாளைக்கு வரவில்லை. புது வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்று அதை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அதை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். டேங்கில் அளவு எப்போதும் சரியாக இருக்கும். ரோஸ் கலர் மட்டும் வாரா வாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் பழசாகி மங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கேயோ ஒரு கிளாம்ப் தளர்ந்து கூலண்ட் கசிகிறது, கசிந்த அளவை உங்கம்மா நிரப்பிக்கொண்டே இருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பேக்டரிக்குப் போன பிறகு பானட்டைத் திறந்து, அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றிவிட்டு, துணியால் துடைத்து மூடிவிடுவாளாம். கல்யாண வாரங்களில் சேலை எடுக்கவும் ஜாக்கெட் தைக்கவும் அலைந்ததில் அதை விட்டுவிட்டாள். நானும் பத்திரிகையை யாருக்கு வைப்பது, யாருக்கு விடுவது என்ற குழப்பத்தில் வண்டிப் பக்கமே போகவில்லை.

நீ ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாய். "அப்பா, கல்யாணத்தன்னைக்கு என் வண்டிய தாராபுரத்துக்குக் கொண்டாந்துருங்க. நானும் ரோஸ்லினும் அதுலதான் கெளம்போணும்" என்றாய். வாங்க என்று நீ சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. நேராகக் கேட்டு நான் பேப்பரை விரித்துவிட்டால் என்ன செய்வது என்று உனக்குப் பயம். அதனால் வண்டியைக் கேட்டாய். நானும் "செரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். நீயும் நானும் இந்த விஷயத்தில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். போனை வைத்த பிறகு அன்று முழுக்க வீட்டுக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு திரிந்தேன் என்று உங்கம்மா சொல்கிறாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். உனக்குத் தெரியும், நம் சனத்தில் கல்யாணம் என்றால் பஸ் வைத்துப் போவதுதான் வழக்கம். சித்தி, அத்தை, பேக்டரி ஆட்கள், எதிர் வீட்டுக் குழந்தைகள் என்று பஸ் நிறைந்து, அதுவும் பத்தாமல் பின்னால் ஒரு வேன் வரும். உன் கல்யாணத்துக்கு பஸ் வேண்டியிருக்கவில்லை. உன் பெரியப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவர் போகாத இடத்துக்கு மற்றவர்களும் வரவில்லை. கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். இரண்டு சீட்டு வண்டி கச்சிதமாகப் போதுமானதாக இருந்தது. உங்கம்மா அரக்குப் பட்டுடுத்தி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். கூலண்ட் லைட் சிவப்பாக எரிந்தது.

இறங்கிப் பானட்டைத் திறந்தால் டேங்கில் அளவு கோட்டுக்கு நன்றாகக் கீழே. இருந்த கொஞ்சமும் கழுவிவிட்ட ரோஸ்மில்க் டம்ளர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். உங்கம்மா மெதுவாக இறங்கி வந்து, "ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாத் திட்டக்கூடாது. வாரா வாரம் நாந்தான் தண்ணி ஊத்துனேனுங்க. சிறுவாணித் தண்ணிதானுங்க, வடிகட்டித்தான் ஊத்துனேன்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன்னய ஆரு ஊத்தச் சொன்னா?" என்று கத்தியேவிட்டேன். "பையனுக்கு ஒரு வாய் சோறு போட முடியல. ஒரு டம்ளர் தண்ணி குடுக்க முடியல. அவன் வண்டி காஞ்சு நிக்குதேன்னு ஊத்துனேன்" என்றாள். அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. கண்ணு, நீ வராத அத்தனை மாதமும் அவள் ஒரு நாள்கூட அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அவள் பானட்டுக்குள் அழுதிருக்கிறாள்.

சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து உன் பெரியப்பா வந்தார். வராத கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்களைப் பார்க்க அவருக்குச் சங்கடம்தான், ஆனால் பானட் திறந்திருந்தால் அவரால் வீட்டுக்குள் உட்கார முடியாது. எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா நிக்கற? எங்கிட்டப் பச்சக் கூலண்ட் ஒரு கேன் இருக்குது, எடுத்தாரச் சொல்றேன்" என்றார். பார்த்தாயா, வரமாட்டேன் என்றவர்தான், கூலண்ட் தருகிறேன் என்றார். நான், "வேண்டாமுங்ணா, அது வேற ரகம். இதோட கலந்தாக் கெட்டுப்போயிரும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரகம் ரகத்தோடதான் சேரோணும்னு உனக்கே தெரியுதல்ல தம்பி? வண்டிக்குப் பாக்கறத மனுசனுக்குப் பாக்க மாட்டீங்கறயே" என்றார். நான் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவரே தொடர்ந்தார்: "பையன் வண்டியத்தான கேட்டான்? நம்ம டிரைவர அனுப்பிச்சுடு. வண்டி போய்ச் சேந்துரும். நீ போனதாவும் இருக்காது, போவாததாவும் இருக்காது." உண்மையைச் சொல்கிறேன், அது நல்ல யோசனைதான், ஊர் வாயையும் அடைக்கும். ஆனால் நீ வண்டியைக் கேட்டதன் அர்த்தம் எனக்குத் தெரியுமே. "இல்லீங்ணா, நானே ஓட்டிட்டுப் போறனுங்" என்றேன். கோபம் வந்தால் அவர் நம் முன்னோர் பேசிய தெலுங்குக்கு மாறிவிடுவார், மாறினார். உங்கம்மா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நம் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் தண்ணீரைத் தொடாமல் போனால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? சூலூர் வரைக்கும் மெதுவாக ஓட்டிப்போய் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். அலமாரியில் பச்சை, நீலம், ரோஸ் என்று மூன்று கலரில் கேன்கள் அடுக்கியிருந்தன. அங்கே இருந்த ஆள் வண்டியை ஆசையாகச் சுற்றி வந்துவிட்டு, "செவப்பு வண்டிக்குச் செவப்பே ஊத்துங் சார், மேட்ச்சா இருக்கும்" என்றார். ரோஸ் கேனை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வண்டிக்குள்ளிருந்து புக்கை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பரை நம்பராக ஒப்பிட்டேன். ஒத்துவரவில்லை. "கலரு ஒண்ணாத்தான இருக்குது, ஊத்துங்க, நேரமாகுது" என்று உங்கம்மா அவசரப்படுத்தினாள். நான் கேனைத் திரும்ப வைத்துவிட்டேன். கலரைப் பார்க்காதீங்க என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறதா என்று கேட்டு இரண்டு கேன் வாங்கினேன். "இதும் தண்ணிதானுங்க? நானும் தண்ணிதான ஊத்துனேன்?" என்று உங்கம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிறுவாணிக்கு ருசி இருக்குதல்ல அம்மிணி? அந்த ருசிதான் இன்ஜினுக்கு ஆகாது. இதுல ஒண்ணுமே கெடையாது" என்றேன். சிறுவாணியைப் பாராட்டியதாக எடுத்துக்கொண்டு சமாதானமானாள். வண்டி ஆறினால்தான் மூடியைத் திறக்கலாம், பர்லியாரில் ஒரு தடவை பட்டது போதும். பங்க்கில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டுச்சேலையோடு அவளும், பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் காத்திருந்தோம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முதல் தாமதம் அங்கே.

பல்லடம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் திரும்பியதும் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. சூடு ஏற ஏறக் கசிவும் கூடுகிறது. நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றி, மறுபடி கிளம்பினேன். நடுவில் நீ கூப்பிட்டாய். உங்கம்மா எடுக்கப் போனாள், நான் வேண்டாம் என்றேன். வண்டி கொதிக்கிறது என்று சொன்னால் நீ கோட்டு சூட்டோடு கிளம்பி எங்களைத் தேடி வந்துவிடுவாய், தெரியாதா எனக்கு? 'வந்துட்டிருக்கோம்' என்று மட்டும் மெசேஜ் போடச் சொன்னேன். அந்த ஒற்றை வார்த்தையை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று இப்போது புரிகிறது.

பிறகுதான் ஒரு வித்தை ஞாபகம் வந்தது. வண்டிக்குள் ஹீட்டரை முழுசாகப் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், முள் இறங்கும். போட்டேன். இறங்கியது. கூரையை மடக்கிவிட்டேன், மேலே தாராபுரத்து வெயில், காலடியில் ஹீட்டர். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன, எங்கள் மேல் குளிர்ந்த காற்று ஒரு சொட்டுப் படவில்லை. உங்கம்மாவின் மல்லிகை வதங்கி, பவுடர் கரைந்து, நெற்றிப் பொட்டு நகர்ந்துவிட்டது. நான் வெந்த தக்காளி மாதிரி இருந்தேன். அந்த நிலைமையிலும் உன் பெரியப்பா சொன்னது என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. வாய்விட்டே கேட்டுவிட்டேன், "ரகம் ரகத்தோடதான் சேரோணும்ங்கறாரே, அவரு சொல்றதுலயும்..." என்று இழுத்தேன். உங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்க, நீங்களும் நானும் ஒரே கலரு, ஒரே நம்பரு, ஒரே கம்பெனி. கட்டிக்கிட்ட நாள்லருந்து நாம கொதிக்காத நாளுண்டா?" நான் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது. அவளும் சிரித்தாள். ஹீட்டர் அடித்துக்கொண்டிருந்தது, முள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் குண்டடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அன்றைக்குக் கிடைத்தது. அது கூலண்ட், நாம் மனிதர்கள். இதைச் சொல்ல இவ்வளவு தூரம் ஓட்டியிருக்க வேண்டாம்தான், என் புத்தி அவ்வளவு வேகம்.

வந்து சேர்ந்தபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. நீ சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என் சிவந்த முகத்தைப் பார்த்தாய், அது கோபம் என்று நினைத்தாய். உங்கம்மாவின் நனைந்த முகத்தைப் பார்த்தாய், வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள் என்று நினைத்தாய். பானட்டில் கை வைத்தாய், சுட்டதும் எடுத்துக்கொண்டாய். "வண்டி நல்லாருக்குதுங்களா?" என்றாய். "கூலண்ட் பாத்துக்க, டிக்கில கேன் இருக்குது" என்றேன். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறோம், கல்யாண மாப்பிள்ளையாக நிற்கிறாய், அப்பனும் மகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கட்டிப்பிடித்திருக்கலாம். வேர்வையில் நனைந்திருந்தேன், உன் கோட்டு கெட்டுவிடும் என்று நினைத்தேன். என்ன கோட்டு, பெரிய கோட்டு!

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நாங்கள் வராமல் உள்ளே போகமாட்டேன் என்று ரோஸ்லின் சர்ச் ஃபாதரிடமே சொல்லி நிறுத்தி வைத்திருந்தாள் என்று சம்பந்தி பிறகு சொன்னார். அவள் வெள்ளைச் சேலையோடு ஓடிவந்து, கைக்குட்டையால் உங்கம்மாவின் முகத்தைத் துடைத்து, "அழுவாதீங்க அத்தை" என்றாள். "அழுவல அம்மிணி, ஹீட்டரு" என்றாள் உங்கம்மா. அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? அழுகையை மறைக்க ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் ஆசையாகத் துடைத்தாள். அப்போதுதான் உங்கம்மா நிஜமாகவே அழுதாள். அதற்குள் சம்பந்தியம்மா பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "முதல்ல தண்ணி குடிங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். நம் வீட்டில் சொல்வது மாதிரியே இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். தாகத்துக்காக மட்டும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து நீங்கள் இரண்டு பேரும் சிவப்பு வண்டியில் ஏறிப் போனீர்கள். தூசி அடங்கும்வரை நாங்கள் கையாட்டிக்கொண்டிருந்தோம். "நீங்க எதுல போவீங்க சம்பந்தி?" என்று ரோஸ்லின் அப்பா கேட்டார். "பஸ்லதானுங்க" என்றேன். அவர் பதறிப்போய்த் தன் காரை எடுக்கப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டார். ஜன்னலோர சீட்டு, மடியில் கேக்கு டப்பா, உங்கம்மா சூலூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தாள். இதை நீ யோசிக்க வேண்டும் கண்ணு. அது இரண்டு சீட்டு வண்டி. அதை உன்னிடம் கொடுத்துவிட்டால் எங்களுக்குத் திரும்பி வர வண்டி கிடையாது. அது காலையில் கிளம்பும்போதே தெரியும், உங்கம்மா பர்சில் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஏறினாள். வேண்டாவெறுப்பாக வருகிறவன் பாதி வழியில் திரும்ப ஒரு சாக்குத் தேடுவான். எனக்கு அன்றைக்கு வழி நெடுகச் சாக்கு கிடைத்தது. திரும்பவில்லை.

உன் பெரியப்பா நேற்று முன்தினம் வந்தார். உட்காரவில்லை. "பையன் வண்டி என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். கசிவு நிற்கவில்லை, லாரியில் ஏற்றிப் பெங்களூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விட்டான் என்றேன். உங்கம்மா சொம்பை நீட்டினாள். பாதி குடித்துவிட்டு வைத்தார். மீதியை நான் அவசரப்படுத்தப் போவதில்லை, ஆறட்டும். அறிவுரை சொல்லாமல் முடித்தால் நான் உன் அப்பன் இல்லை என்று நீயே கேலி செய்வாய், அதனால் ஒன்றே ஒன்று. என்ன ஊற்றுவது என்று தெரியாத நேரத்தில், கைக்குக் கிடைத்ததை ஊற்றாதே. ரோஸ்லினோடு மனஸ்தாபம் வரும் நாளில் என்னை மாதிரிப் பேப்பரை விரிக்காதே, பெரிய வார்த்தைகளும் தேடாதே. சாப்பிட்டாயா என்று கேள், அது போதும்.

டேங்கைக் கழுவி, சரியான நம்பர் பார்த்துப் புதுக் கூலண்ட் ஊற்றியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு அதே வண்டியில் வா. உங்கம்மா பயந்துபோயிருக்கிறாள், வண்டியைக் கெடுத்துவிட்டோமே, பையன் மறுபடி வரமாட்டானோ என்று நேற்று ராத்திரியிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. வண்டியைப் பற்றி அவளிடம் எதுவும் பேசாதே, இந்தக் கடிதத்தைப் பற்றியும் பேசாதே. வாசலில் நிறுத்தி இறங்கியதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "அம்மா, தண்ணி குடுங்க" என்று கேள்.

வண்டிக்கு இல்லை, உனக்குக் கேள்.

உன் அப்பா